வாரிசு வரி வருதுன்னு அய்யன் (அப்பா) சொத்தையெல்லாம் எழுதி வைக்கிறேங்கறாருங்க, என்ன பண்றது?

கோபி தோட்டத்துக்காரன்:
வணக்கமுங்க. எங்களுக்கு கோபிக்குத் தெக்கால வாய்க்கால் பாசனத்துல ஆறு ஏக்கரா இருக்குதுங்க. மூணு ஏக்கரா அப்பாரு (தாத்தா) காலத்துது. மிச்சம் மூணும் அய்யன் மஞ்சள் வித்த காசுல 1987-ல கிரயம் பண்ணுனது. திருப்பூர்ல ஒரு சைட்டும் 1994-ல வாங்கிப் போட்டிருக்காரு. அய்யனுக்கு வயசு 78. "ஆள் போயிட்டா சொத்துல பாதிக்கு மேல கவர்மெண்டு எடுத்துக்கும், அதுக்குள்ள பசங்க பேருக்கு மாத்திருங்க"ன்னு வாட்ஸ்அப்புல யாரோ அனுப்பிச்சதுல இருந்து அவருக்கு ராத்திரி தூக்கமே இல்லீங்க. எனக்கும் தம்பிக்கும் தான செட்டில்மெண்ட் பண்றதுன்னு பத்திர எழுத்தர்கிட்டப் பேசியாச்சு. தம்பி டாலஸ்ல கிரீன் கார்டுல இருக்கறான், தை மாசம் வர்றான், அப்பவே முடிச்சிரலாம்னு இருக்கறாரு. தங்கச்சியைக் காங்கேயத்துல கட்டிக் கொடுத்திருக்குது, சீரெல்லாம் குறைவில்லாமச் செஞ்சாச்சு. அமெரிக்காவுல தம்பிக்கு இந்தச் சொத்துக்கு வரி போடுவாங்களா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஈரோடு வரிக்கணக்கு:
மொதல்ல உங்கய்யனை நல்லாத் தூங்கச் சொல்லுங்க. செத்தவர் சொத்துக்கு வரி போடற சட்டம் இப்ப நம்ம நாட்டுல இல்லீங்க. 1953-ல எஸ்டேட் டூட்டின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. பெரிய சொத்துக்கு மேல் அடுக்குல 85 சதவீதம் வரைக்கும் போனது நெசம். 1985 மார்ச் 16-ல இருந்து, வி.பி.சிங் நிதி மந்திரியா இருந்தப்ப, அதை எடுத்துட்டாங்க. வரி வசூலைவிட அதுக்கான அலைச்சலும் கேசும்தான் அதிகமா இருந்துச்சு. மொத்தச் சொத்து மதிப்புக்கு வருசா வருசம் கட்டுன வெல்த் டாக்ஸும் 2015-ல போயிருச்சு. அப்பன் மகனுக்கு எழுதிக் கொடுத்தாலும் உயில்ல வந்தாலும் வாங்கறவங்களுக்கு வருமான வரி கிடையாது. வாட்ஸ்அப் சேதியை நம்பி 78 வயசுல ஒரு மனுசன் கை காலி ஆகக் கூடாதுங்க, அதுக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதறேன்.

உங்க ஏற்பாட்டுல ஒரு பெரிய சிக்கல் இருக்குது. தம்பி வெளிநாட்டுல குடியிருக்கறவர். அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவருக்கு விவசாய நிலத்தைத் தானமா எழுதித் தர முடியாது, அவர் காசு கொடுத்து வாங்கவும் முடியாது. அய்யனுக்குப் பின்னால வாரிசாவோ உயில் மூலமாவோ வந்தா மட்டும் வெச்சுக்கலாம். சைட்டைத் தானமாக் கொடுக்கறதுக்குத் தடை இல்லை. ஆனா தோட்டத்துல தம்பி பாகத்துக்கு உயில்தான் வழி. செட்டில்மெண்ட் பத்திரத்துல அவர் பேரைப் போட்டீங்கன்னா நாளைக்கு விக்கப் போறப்ப வம்பு. உயில்ல வந்த தோட்டத்தையும் இங்க குடியிருக்கற இந்தியருக்குத்தான் அவர் விக்கலாம், அதையும் இப்பவே சொல்லி வெச்சிருங்க.

ரெண்டாவது, அப்பாரு சொத்து. அது அப்பாருக்கு எப்படி வந்துச்சு, அவர் எப்பக் காலமானாருன்னு மூலப்பத்திரத்தை வெச்சு ஒரு வக்கீலைப் பாக்கச் சொல்லுங்க. பரம்பரைச் சொத்துன்னு ஆச்சுன்னா உங்க தங்கச்சிக்கு உங்களோட சமபங்கு பொறப்புலயே இருக்குது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005-ல வந்த திருத்தம், அப்பறம் 2020-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ரெண்டும் அதைத்தான் சொல்லுது. சீர் செஞ்சதுங்கறது அந்தப் பங்குக்கு ஈடு ஆகாதுங்க. அய்யன் தனியா அதை உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எழுதவும் முடியாது. 1987-ல அவர் வாங்குனதை யாருக்கு வேணும்னாலும் எழுதலாம்.

வரி எங்க வருதுன்னா, விக்கறப்ப. அதுவும் சைட்டுக்குத்தான். அய்யன் வாங்குன விலையே உங்களுக்கும் வாங்குன விலை. 2001-க்கு முந்தி வாங்குனதுனால 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை எடுத்துக்கலாம், அன்னைக்கு இருந்த வழிகாட்டி மதிப்புக்கு மேல போகாம. ஒரு கணக்குக்கு, அன்னைக்கு 4 லட்சம், இப்ப 80 லட்சத்துக்கு விக்கறீங்கன்னு வைங்க. 76 லட்சத்துக்கு 12.5 சதவீதம், ஒன்பதரை லட்சம், செஸ்ஸும் சர்சார்ஜும் தனி. 2001 மதிப்புக்கு ஒரு மதிப்பீட்டாளர் சான்று இப்பவே வாங்கி வைங்க. அய்யனுக்கு அந்த இடத்தோட பழைய வெவரம் தெரியும், பின்னால கேக்க ஆள் இருக்காது. தோட்டத்தைப் பொறுத்தவரை, கோபி நகராட்சி எல்லையில இருந்து நேர்கோட்டுல 2 கிலோமீட்டருக்கு வெளிய இருந்தா வித்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை. ரோட்டுத் தூரத்தை எடுத்துக்காதீங்க.

பெருந்துறை அக்கா:
தம்பி, சட்டத்தை அவர் சொல்லிட்டாரு. நான் ஒண்ணு சொல்றேன். எங்கய்யன் பத்து வருசத்துக்கு முந்தி எல்லாத்தையும் எங்கண்ணன் பேருக்கு எழுதிட்டாரு. ரெஜிஸ்தர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு வந்து எல்லார்த்துக்கும் காபி வாங்கிக் கொடுத்தாரு, அத்தனை சந்தோசம். அப்பறம் கண் ஆபரேசனுக்கு அண்ணன்கிட்டப் போய் நின்னு கேக்க வேண்டியதாப் போச்சு. தேங்கா போட்ட காசை எண்ணி வாங்கிப் பழகுன கை அது. அதைப் பாத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. தான செட்டில்மெண்ட்டை நெனச்சா ரத்து பண்ண முடியாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பராமரிக்கோணும்கற நிபந்தனையோட எழுதியிருந்தா 2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி ஆர்டிஓகிட்ட (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுத்து மீட்கலாம்னாங்க. எங்க பத்திரத்துல அப்படி ஒரு வரியே இல்லை.

நீங்க உங்க பாகத்தை இப்பவே வாங்கறதுன்னாலும், அய்யனும் அம்மாவும் இருக்கற வரைக்கும் அனுபவிக்கற உரிமையும் வெள்ளாமை வருமானமும் அவங்களுக்கேன்னு எழுதச் சொல்லுங்க. தங்கச்சியைக் கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசுங்க. பங்கை விட்டுக் கொடுக்கற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கற அன்னைக்கு மட்டும் கூப்புடாதீங்க, அது மனசுல நிக்கும்.

டாலஸ் பக்கம், சொந்த ஊரு சென்னிமலை:
உங்க தம்பி கேள்விக்கு வர்றேனுங்க. அமெரிக்காவுல எஸ்டேட் டாக்ஸ் இருக்குது, ஆனா அது இறந்தவர் சொத்து மேல விழறது. உங்கய்யன் அமெரிக்கக் குடிமகனும் இல்லை, இங்க குடியிருக்கவும் இல்லை. அதனால கோபித் தோட்டத்துக்கு இங்க ஒரு டாலர் வரி இல்லை. தம்பிக்கு வந்த மதிப்பு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுனா 3520 படிவத்துல தகவல் மட்டும் கொடுக்கோணும். கொடுக்காம விட்டா அபராதம் கடுமையா இருக்கும்.

அய்யன் பேர்ல ஆப் மூலமா அமெரிக்கக் கம்பெனிப் பங்கு ஏதாச்சும் வாங்கி வெச்சிருக்கீங்களா? இருந்தா அதுதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்கர் இல்லாதவங்களுக்கு 60,000 டாலர் வரைக்கும்தான் விலக்கு, அதுக்கு மேல 40 சதவீதம் வரைக்கும் போகும். ரெண்டு நாட்டுக்கும் இதுக்கு ஒப்பந்தம் இல்லை. தம்பிக்கு இங்கயே குடியிருக்கறவர்ங்கற கணக்குல 2026-ல ஒரு கோடியே 50 லட்சம் டாலர் வரைக்கும் விலக்கு இருக்குது, அவர் பயப்பட வேண்டியதில்லை.

கோபி தோட்டத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க. அமெரிக்கப் பங்கு எதுவும் இல்லீங்க. அய்யனுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். செட்டில்மெண்ட்டை நிறுத்தியாச்சு. தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஞாயித்துக்கெழமை வர்றாங்க. அப்பாரு நிலத்துக்கு மூணு பேரும் அய்யனும் சேந்து பாகப்பிரிவினை, மத்ததுக்கு உயில்னு பேசறதா இருக்கறோம். தம்பி கிரீன் கார்டுல இருந்தாலும் பரம்பரைப் பங்கை பாகப்பிரிவினையில எடுத்துக்கலாமுங்களா?

ஈரோடு வரிக்கணக்கு:
அதை மட்டும் வக்கீல்கிட்ட எழுத்துல வாங்கிக்குங்க. உயிலுக்கு முத்திரைத்தாள் செலவு இல்லை, பதிவு கட்டாயம் இல்லைன்னாலும் பண்ணிருங்க. சாட்சி ரெண்டு பேரும் சொத்துல பங்கு இல்லாதவங்களா, அய்யனைவிட வயசு குறைஞ்சவங்களா இருக்கட்டும். பாகப்பிரிவினையில கெணத்துல யாருக்கு எத்தனை பங்கு, மோட்டார் ஓட்டற முறை, வண்டிப்பாதை எத்தனை அடி, இதெல்லாம் எழுதியே ஆகோணும். இலவச மின்சார சர்வீஸ் இன்னும் அப்பாரு பேர்ல இருந்துச்சுன்னா அதையும் இப்பவே மாத்துங்க, அய்யன் கையெழுத்து இருக்கறப்ப அது சுளுவா முடியும்.