ஏழாவது வாரம்: தைராய்டு மாத்திரையை மூன்று மாதம் நிறுத்தலாமா?

தேனிக்காரி:
எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தைராய்டு குறைவு. காலையில் 50 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறேன். இப்போது ஏழாவது வாரம், டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது கூடும்) 6.8 வந்ததால் டாக்டர் 75 ஆக்கிவிட்டார். மாமியாரோ, "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு எதுக்குத்தா ஹார்மோன் மாத்திரை, புள்ள மூளைக்கு ஆகாது" என்கிறார். முதல் மூன்று மாதம் மட்டும் நிறுத்திவிட்டு அப்புறம் போடலாமா?

லேப்காரன்:
வேண்டவே வேண்டாம்மா. நீங்கள் நிறுத்த நினைக்கும் அந்த மூன்று மாதத்தில்தான் பிள்ளை முழுக்க உங்களை நம்பி இருக்கிறது. கருவின் சொந்தத் தைராய்டு வேலை தொடங்கவே 10, 12 வாரம் ஆகும். போதுமான அளவு சுரக்க 18, 20 வாரம். அதுவரை உங்கள் ரத்தத்தில் இருக்கும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன்தான் நஞ்சுக்கொடி வழியாகப் போகிறது, கருவின் மூளை அதைச் செயல்படும் வடிவமான டி3 ஆக மாற்றிக்கொள்கிறது. புது நரம்பு செல்கள் பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பி மூளையின் மேலடுக்கில் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர அது வேண்டும்.

மாத்திரையில் இருப்பதும் உடம்பு சுரக்கிற அதே டி4தான். ('ஹார்மோன் மாத்திரை' என்றாலே வீட்டுப் பெரியவர்களுக்குக் கருத்தடை மாத்திரை ஞாபகம் வந்துவிடுகிறது.) கர்ப்பத்தில் இதன் தேவை ஏறக்குறைய பாதி கூடும். 50ஐ 75 ஆக்கியது அதனால்தான்.

தேனிக்காரி:
நன்றி அண்ணா. ஐ.க்யூ. குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, இந்த 6.8ஆல் ஏற்கெனவே ஏதாவது ஆகியிருக்குமா?

லேப்காரன்:
அது 1999இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹாடோ குழு செய்த ஆய்வு. தைராய்டு குறைவு இருந்தும் கர்ப்பத்தில் மருந்தே எடுக்காத தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சராசரியாக 7 புள்ளி குறைவு. 'மருந்தே எடுக்காத' என்பதை மட்டும் ஃபார்வர்டு செய்கிறவர்கள் விட்டுவிடுவார்கள்! 2012இல் பிரிட்டனிலும் இத்தாலியிலும் சுமார் 22,000 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து ஒரு ஆய்வு வந்தது. அதில் தைராய்டு குறைவு இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் லேசான குறைவுதான். மருந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் பிள்ளைகளிடையே மூன்று வயதில் ஐ.க்யூ. வித்தியாசம் தெரியவில்லை. 13வது வாரவாக்கில்தான் மருந்து தொடங்கினார்கள், அது தாமதம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியோ, நீங்கள் மருந்தில்தான் இருக்கிறீர்கள், அளவையும் ஏழாவது வாரத்திலேயே கூட்டியாகிவிட்டது. வீணாகப் பயப்படாதீர்கள்.

ரெட்டைவால் அம்மா:
தங்கச்சி, ரெண்டு பிள்ளைக்கும் இதே மாத்திரையோடுதான் இருந்தேன். நாலு வாரத்துக்கு ஒரு தடவை டி.எஸ்.எச். எடுத்துவிடு, 2.5க்குள் வரவேண்டும் என்பார்கள். வெறும் வயிற்றில் போட்டு அரை மணியாவது கழித்துக் காபி. முக்கியமாக, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. சேர்த்துப் போட்டால் இது உடம்பில் சேராது. பிரசவம் ஆனதும் பழைய அளவுக்கே குறைப்பார்கள்.

தேனிக்காரி:
சரிக்கா. இன்னொன்று, வீட்டில் இப்போது இந்துப்புதான். பரவாயில்லையா?

லேப்காரன்:
சாதாரண அயோடின் உப்புக்கு மாறிவிடுங்கள். கர்ப்பத்தில் தினமும் 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. உங்கள் பிள்ளையின் தைராய்டு நாளைக்குச் சொந்தமாகச் சுரக்கவும் அதுதான் மூலப்பொருள். இந்துப்பில் அது அநேகமாக இருக்காது.