"உயிரோட திங்கிறானுங்க"ன்னு வந்த வீடியோ: உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

கடைசிபெஞ்ச்:
அந்தக் கணவாய் மீன் வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க, சோத்து மேல கெடக்கும், சோயா சாஸ் ஊத்துனதும் காலெல்லாம் நெளியும். எங்க ஆபீஸுக்கு ஜப்பான்லேருந்து ஒருத்தர் வந்திருந்தார், லஞ்ச் நேரத்துல எங்க டீம் ஆளு ஒருத்தன் சும்மா இருக்காம போனை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டி, உயிரோடவே திம்பீங்களா சார்னு கேட்டுட்டான். மனுஷன் ரெண்டு கையாலயும் போனை வாங்கி, கடைசி வரைக்கும் பாத்துட்டு, அதே மாதிரி ரெண்டு கையாலயும் திருப்பிக் குடுத்து "இது செத்தது"ன்னார். அவ்ளோதான். அந்தச் சாப்பாடு ஜப்பான்ல ஹகோடாடேங்குற ஊர்ல கிடைக்குறது, கணவாய்க்கே பேர் போன ஊரு. தலையை எடுத்தப்புறமும் தசையில கொஞ்ச நேரம் தெம்பு இருக்கும், சாஸ்ல இருக்குற உப்பு பட்டதும் இழுத்துக்குது. எவ்ளோ ஃப்ரெஷ்ஷுன்னு காட்டத்தான் அந்த ஆட்டமே. இவன் அதுக்கப்புறமும் சிரிச்சிட்டே இருந்தான், எனக்குத்தான் சோறு இறங்கல.

மழைப்பாட்டு:
செத்ததுன்னா மட்டும் பாக்க நல்லாவா இருக்கு? பிடிக்கலன்னு சொல்லக்கூட உரிமை இல்லையா என்ன. சரி, என் கதை. ஸ்வீடன்ல படிச்சப்போ சுர்ஸ்ட்ரோமிங்னு புளிக்கவச்ச மீன் டின்னை ரூம்ல வச்சுத் திறக்கப் பாத்தானுங்க நம்ம பசங்க, யூடியூப்ல வாந்தி எடுப்பாங்கல்ல அது மாதிரி ரெக்கார்ட் பண்ண. வீட்டுக்கார அம்மா ஓடி வந்து டின்னைப் புடுங்கி, வெளிய கொண்டுபோய், பக்கெட் தண்ணிக்குள்ள முக்கி வச்சுத் திறந்தாங்க. மீனை அப்படியே யாரும் முழுங்குறதில்ல, மெல்லிசு ரொட்டியில வெண்ணெய், வேகவச்ச உருளைக்கிழங்கு, வெங்காயம், நடுவுல துளியூண்டு மீன். நாத்தம் நாத்தம்தான், ஆனா வாய்ல உப்பும் புளிப்புமா நல்லாத்தான் இருந்துச்சு. பசங்க வீடியோவே எடுக்கல, வாந்தி வரலையாம்!

பெரியதம்பி:
மழைப்பாட்டு, பிடிக்கலன்னு சொல்றது வேற, காறித் துப்புறது வேற. 2020ல வௌவால் சூப் வீடியோ வந்துச்சே, வூஹான் மார்க்கெட்னு, எங்க மாமா ஃபேமிலி குரூப்ல போட்டார். அது 2016ல பலாவ் தீவுல ஒரு டிராவல் வ்ளாகர் எடுத்தது, அங்க அது தெரிஞ்ச சாப்பாடுதான், சீனாவே கிடையாதுன்னு சொன்னேன், கோவிச்சுட்டு குரூப்பை விட்டே போய்ட்டார். அதனால சொல்றேன், எதையும் ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி வீடியோவை ஒரு இடத்துல நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள்ல தேடுங்க, பழைய வீடியோன்னா பெரும்பாலும் பழைய தேதி வெளிய வரும். பின்னாடி போர்டுல என்ன மொழின்னு பாருங்க. சத்தத்தை ஆஃப் பண்ணிட்டு ஒருக்கா பாருங்க, பாதி வீடியோவுல மியூசிக்தான் நம்மள பயமுறுத்துது. சாப்பிடுறவங்க முகத்தைப் பாருங்க, பக்கத்துல உள்ளவங்க சாதாரணமா உக்காந்திருந்தா அது அவங்களுக்குப் பழகின சாப்பாடா இருக்கலாம். அப்புறம் பெரியவங்கள குரூப்ல எல்லார் முன்னாடியும் திருத்தாதீங்க, தனியா போன் போட்டுச் சொல்லுங்க…

மழைப்பாட்டு:
அண்ணே, இதெல்லாம் யாரு கேட்டா? மாமா திரும்பி வந்தாரா இல்லையா?

பெரியதம்பி:
இல்ல. அத்தை மட்டும் குட்மார்னிங் போடுறாங்க.