டுட்டோரியலில் வாய் திறக்க வரவில்லையா?

கேள்வி: அக்கா, திருநெல்வேலியிலிருந்து பினாங்குக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஊரில் விரிவுரையைக் கேட்டு, குறிப்பெடுத்துப் படித்தே வகுப்பில் முதலாவதாக வந்தவன் நான். இங்கே டுட்டோரியல் என்ற சிறு குழு வகுப்பில் விரிவுரையாளர் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு "நீங்களே பேசித் தீர்வு காணுங்கள்" என்கிறார். மாணவர்களே பேசிக்கொண்டிருந்தால் நான் எதைக் கற்பது? அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம் வீணாகிறதோ என்று தோன்றுகிறது.

பதில்: தம்பி, அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த எண்ணத்தை நம்பிவிடாதீர்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. ஒரே பாடத்தைச் சிலர் நல்ல விரிவுரையாகக் கேட்டார்கள். மற்றவர்கள் குழுவாக உட்கார்ந்து தாங்களே கணக்குப் போட்டார்கள். விரிவுரை கேட்டவர்களுக்குத்தான் நிறையக் கற்றதாகத் தோன்றியது. தேர்வு வைத்தால் கணக்குப் போட்டவர்களே அதிக மதிப்பெண் பெற்றார்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததன் முடிவு 2014-இல் வந்தது. விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சராசரியாக நூற்றுக்கு 34 பேர் தோற்றார்கள்; தாங்களே செய்து கற்றவர்களில் 22 பேர்.

என் முதல் செமஸ்டரில் புள்ளியியல் டுட்டோரியல். ஐந்து எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் கணக்கு. பக்கத்தில் கிளந்தானிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண். "ஐந்து எண்கள் இருக்கும்போது ஏன் நான்கால் வகுக்கிறாய்?" என்று கேட்டாள். சூத்திரம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். காரணம் தெரியவில்லை. பேனா முனை தாளில் அப்படியே நின்றது.

அன்று மாலை கடையில் தே தாரிக் குடித்தபடி தோழியிடம் அதைத் தமிழில் விளக்கப் பார்த்தேன். ஐந்து பேர் ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். தலைக்குச் சராசரி 6 ரிங்கிட். நான்கு பேரின் தொகையைச் சொல்லிவிட்டால் ஐந்தாமவரைக் கேட்கவே வேண்டாம், தானாகத் தெரிந்துவிடும். சராசரியைக் கட்டி வைத்தபின் விருப்பம்போல் மாறக்கூடியவை நான்குதான்! சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அது விளங்கியது. இன்றுவரை மறக்கவில்லை.

அதனால் டுட்டோரியல் தாளை முந்தைய நாளே வாசித்து, புரியாத ஓர் இடத்தை ஒரே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வகுப்பில் அதை வாசித்தாலே போதும். ஆங்கிலம் தடுக்கினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்; அங்கே பலருக்கும் அது இரண்டாம் மொழி, மூன்றாம் மொழி. குழு வேலையில் நம் ஊர்ப் பிள்ளைகளோடு மட்டும் சேராதீர்கள். நமக்குள் பாதிச் சொல்லிலேயே புரிந்துவிடும், அதனால் முழுதாக விளக்க வேண்டிய தேவையே வராது. குழுவில் தட்டச்சு செய்யும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒதுங்கவும் வேண்டாம் (நான் இரண்டு முறை அப்படிச் செய்தேன்). உங்களுக்கு எந்தப் பகுதி புரியவில்லையோ அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிடிக்கவில்லை என்று வகுப்புக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். மாணவர் அனுமதியைப் புதுப்பிக்கும்போது வருகைப்பதிவையும் பார்ப்பார்கள்.

ஞாயிறு மாலை குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கத்தில் நாங்கள் நாலைந்து பேர் கூடுகிறோம். அடுத்த டுட்டோரியல் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள், தம்பி. முதல் கணக்கை நீங்கள்தான் எங்களுக்கு விளக்க வேண்டும்.