கடற்கொள்ளையரிடம் மாட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பட்டர்வொர்த் ஆயிலர்:
சுனாமி வந்த வருடம், அதற்கு மூன்று மாதம் முன்னால். இந்தோனேசியாவின் பெலாவானில் பாமாயில் ஏற்றிக்கொண்டு கிள்ளான் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தோம். சின்ன டேங்கர். சரக்கு நிறைந்துவிட்டால் டெக் தண்ணீரோடு தண்ணீராக இருக்கும், வேகமும் கிடையாது. விடியற்காலை மூன்று மணி. மரப்படகு ரேடாரில் சரியாகத் தெரியாது. பின்பக்கமாக வந்து, கொக்கி கட்டிய மூங்கிலை மாட்டி ஏறிவிட்டார்கள்.

இன்ஜின் ஸ்டோருக்குள் போனேன், ஐந்து பேர். ஒருவன் என் கழுத்தில் பாராங் கத்தியை வைத்தான். மற்றவர்கள் இன்ஜெக்டர், பேரிங் என்று பார்த்துப் பார்த்துத் தூக்கினார்கள். எது விலை போகும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. ஒற்றைக் கண்ணில் துணி, தோளில் கிளி, புதையல் பெட்டி எல்லாம் சினிமாவோடு சரி. என் முன்னால் நின்றவன் காலில் ஜப்பான் சிலிப்பர். அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தான். தலையை அசைக்கப் பயந்து அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது என் கையைக் கட்டிவிட்டு, காதோரம் "மாஆஃப், பாங்" என்றான். மன்னிச்சிடுங்க அண்ணே என்று. இருபது வருடம் ஆகியும் அந்தக் குரல் போகவில்லை.

பாயான் லெப்பாஸ் அக்கா:
அண்ணே, உங்கள் உயிர் தப்பியது கடவுள் புண்ணியம். ஆனால் ஊக்கு குத்திய சிலிப்பரைப் பார்த்து என்னால் இரக்கப்பட முடியாது. எங்கள் ஊர் பேராக் கரை. அப்பா ஒரு தவுக்கேயின், அதாவது முதலாளியின், இழுவைப் படகில் வேலை செய்தார். ஒரு ராத்திரி கொள்ளையர் வந்து, படகோட்டியான தைக்கோங்கைப் பிணைப்பணத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ரேடியோ, ஜிபிஎஸ், அரிசி மூட்டை, எதையும் விடவில்லை. இன்ஜினையும் கெடுத்துவிட்டார்கள். அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் இரண்டு நாள் கடலில் மிதந்தார்கள். வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. படித்துறையில் அப்பாவை இறக்கியபோது கையில் காலி பிஸ்கட் டின். மழைத் தண்ணீர் பிடித்த டின். அம்மா வாங்கப் போனால் விடவே இல்லை.

எல்லாரும் வயிற்றுப் பசிக்குத் திருடுகிறவர்கள் என்றும் சொல்லாதீர்கள். 2015இல் ஓர்கிம் ஹார்மனி கப்பலைக் கடத்தியவர்கள், அதிலிருந்த ஆயிரக்கணக்கான டன் பெட்ரோலுக்காகக் கப்பலையே கொண்டுபோனார்கள். பெயர்ப் பலகையில் சில எழுத்துகளைப் பெயிண்ட் அடித்து மறைத்து "கிம் ஹார்மன்" ஆக்கினார்கள். சமையல்காரரைத் தொடையில் சுட்டார்கள். அதற்குப் பெயர் பசியா?

செந்தூல் மீனா:
என் கணவர் போசன், டெக் மாலுமிகளுக்குத் தலைவர். 2011இல் ஏடன் வளைகுடா வழியாகப் போகிற கப்பல். அந்த ஜனவரியில்தான் நம் மலேசியக் கடற்படை புங்கா லாரல் கப்பலின் 23 மாலுமிகளை மீட்டு, 7 சோமாலியர்களைப் பிடித்து இங்கே கோலாலம்பூர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. நான் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன்.

அவர் அனுப்பிய ஒரு படம் மறக்காது. கப்பல் ஓரம் முழுக்க முள்கம்பி, இரண்டு பக்கமும் தீயணைப்புக் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. நடுவில் காவலுக்கு ஆள் நிற்பதுபோல் வைக்கோல் பொம்மை மாதிரி ஒன்று. பழைய வேலை உடுப்புக்குள் கந்தலை அடைத்து, தலையில் ஹெல்மெட். கழுத்தில் நான் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த சட்டையின் காலர் தெரிந்தது. அவரையே அங்கே நிறுத்தி வைத்ததுபோல் இருந்தது எனக்கு. படத்தை அழித்துவிட்டேன்.

துறைமுகத்தில் 30 வருடம்:
நான் பார்த்தது ஒன்றே ஒன்று. நங்கூரத்தில் கிடந்தபோது காலையில் பார்த்தால் கட்டுக்கயிறு இரண்டு சுருள் காணோம், ஐந்து டின் பெயிண்ட் காணோம். அவ்வளவுதான்.

கப்பலில் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நடுக்கடலில் நடந்தால்தான் சட்டப்படி கடற்கொள்ளை. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடந்தால் அது ஆயுதக் கொள்ளை, அந்தந்த நாட்டுப் போலீஸ் வேலை. இதை வைத்து யாராவது உங்களைத் தட்டிக் கழித்தால் ஏமாறாதீர்கள். புகார் வாங்கும் சர்வதேச மையம் 1992இலிருந்து நம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பல கேப்டன்கள் சொல்லவே மாட்டார்கள். விசாரணை என்று கப்பல் நின்றால் நாள் கூலி போகும், காப்புறுதி ஏறும். 2005 ஜூனில் லண்டன் காப்புறுதிக்காரர்கள் நம் மலாக்கா நீரிணையையே போர் அபாயப் பகுதி என்று போட்டார்கள். மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து ரோந்து போனதில் மறு வருடம் ஆகஸ்டில்தான் எடுத்தார்கள். அப்புறம், கத்தியைப் பார்த்தால் எதிர்க்காதீர்கள். பின் டெக்கில் விளக்கு எரியட்டும். ஸ்டோர் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடுங்கள். ராத்திரி தனியாகப் பின்பக்கம் போகாதீர்கள். பாஸ்போர்ட் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பட்டர்வொர்த் ஆயிலர்:
அக்கா, நான் அவனை மன்னித்தேன் என்று எழுதவில்லை. கழுத்தில் அந்த இரும்பின் குளிர்ச்சி இன்னும் இருக்கிறது. கம்பெனி ரிப்போர்ட்டில் இன்ஜெக்டர் எத்தனை, பேரிங் எத்தனை, யார் கைக்கடிகாரம் போனது என்று எல்லாம் எழுதினேன். அவன் சொன்னதை மட்டும் எழுதவில்லை. ஏன் விட்டேன் என்று எனக்கே தெரியாமல்தான் இங்கே வந்து எழுதினேன். அப்பா எப்படி இருக்கிறார்?

பாயான் லெப்பாஸ் அக்கா:
போன வருடம் தவறிவிட்டார், அண்ணே. படகில் அப்படி நடந்த பிறகு அவர் கடலுக்குப் போகவே இல்லை. அந்த டின்னில் அம்மா புளி போட்டு வைத்திருந்தார். இப்போது என் வீட்டு அடுப்படியில் இருக்கிறது.