டிவி கேம் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது: பழுது கருவியிலா, காதிலா?

கேசட்_பெட்டி:

தொண்ணூறுகளில் விற்ற 60 பின் டிவி கேம் ஒன்று இருக்கிறது. ஃபேமிகாம் (நின்டெண்டோவின் ஜப்பான் மெஷின்) நகல், பிஏஎல் (விநாடிக்கு 50 முறை திரையைப் புதுப்பிக்கும் டிவி முறை), 9 வோல்ட் அடாப்டர், மஞ்சள்-வெள்ளை ஏவி அவுட். கூடவே ஜப்பானில் வெளிவந்த ஒரிஜினல் கேசட் ஐந்து. விளையாடுவதைவிட அவற்றின் இசைக்காகத்தான் சேர்க்கிறேன். டிவி ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் கேட்கிறேன்.

ஒரே கேசட்டின் பாட்டு இந்த மெஷினில் நிதானமாகவும் கம்ப்யூட்டர் எமுலேட்டரில் (மெஷினைப் போலவே நடக்கும் மென்பொருள்) விரட்டி அடிப்பது போலவும் வருகிறது. வேகம் மட்டுமல்ல, குரலே வேறாக இருக்கிறது. எது சரி? ஜப்பான் கேசட் ஒன்றில் படம் சுத்தமாக வருகிறது, ஆனால் சத்தம் துளியும் இல்லை; மற்ற நான்கும் பாடுகின்றன. ஆம்ப்ளிஃபயரில் எப்போதும் ஓர் உறுமல் இருக்கிறது, திரை வெள்ளையானால் அதோடு ஒரு ‘ர்ர்ர்’ரும் சேர்ந்துகொள்கிறது.

கடைசியாக, வயது 54. தாளத்தில் வரும் ‘ச்ச்’ ஒலி மங்கிவிட்டது. வால்யூமைக் கூட்டினால் காது கூசுகிறது, அரை மணியில் அலுப்பு வந்துவிடுகிறது. இசையை விடாமல் கேட்க வழி உண்டா?

அறுபது_பின்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டுமே சரிதான்.

அந்தக் கால விளையாட்டுகள் பெரும்பாலும் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது பாட்டையும் ஒரு படி நகர்த்தும். ஜப்பான் ஃபேமிகாம் விநாடிக்கு 60.1 முறை புதுப்பிக்கும், உங்கள் பிஏஎல் நகல் 50 முறைதான். ஆகவே தாளம் 17 சதவீதம் மெதுவாகிறது. ஜப்பானில் 3 நிமிடம் ஓடும் பாட்டு உங்களிடம் ஏறக்குறைய 3 நிமிடம் 36 விநாடி ஓடும்.

தாளம் குறைந்தால் டேப் இழுத்த மாதிரி சுருதியும் இறங்க வேண்டுமே என்று தோன்றும். இறங்காது. சுருதியை முடிவு செய்வது சிபியு கடிகாரம். ஜப்பான் மெஷினில் அது 1.789773 மெகாஹெர்ட்ஸ். இந்த வகை நகலில் 26.601712 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 15ஆல் வகுத்து 1.773448 எடுக்கிறார்கள். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, சுமார் 16 சென்ட் (நூறு சென்ட் அரை ஸ்வரம்). பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும். ஐரோப்பாவில் நின்டெண்டோவே விற்ற பிஏஎல் மெஷின் அதே கிரிஸ்டலை 16ஆல் வகுக்கிறது, அங்கே சுருதி அரை ஸ்வரத்துக்கும் மேலாக இறங்கிவிடும். ஜப்பான் கேசட்டைக் கேட்க அதைவிட உங்கள் நகல் எவ்வளவோ மேல்.

‘குரலே வேறு’ என்றீர்களே, அது பிரமை இல்லை. ஃபேமிகாமின் இரண்டு பல்ஸ் சேனல்களும் சதுர அலையை நான்கு அகலங்களில் தரும்: 12.5, 25, 50, 75 சதவீதம். நகல் சில்லுகள் பலவற்றில் 25ம் 50ம் இடம் மாறிக் கிடக்கின்றன. 50 சதவீத அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் (மூல ஒலியின் மடங்குகள்) மட்டுமே இருக்கும், கிளாரினெட் போல உள்ளே குழிந்த ஒலி. 25 சதவீதம் நாகஸ்வரப் பக்கம் சாயும், மூக்கில் ஒலிக்கும். இசையமைப்பாளர் ஒன்றை எழுத, உங்கள் மெஷின் மற்றதை வாசிக்கிறது. 12.5க்கு இந்தக் குழப்பம் கிடையாது, அதனால்தான் சில பாட்டுகள் இரண்டிலும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

சோதிக்க வேண்டுமானால் மெசென் எமுலேட்டரின் என்இஎஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவம்) அமைப்பில் ரீஜனை ‘டெண்டி’ என்று மாற்றுங்கள் (ரஷ்யாவில் 1992இல் வந்த நகலின் பெயர் அது, இந்தக் கடிகார முறைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது). பல்ஸ் சேனல்களின் டியூட்டி சைக்கிளை (மேலே சொன்ன அகலங்கள்) இடம் மாற்றும் தேர்வையும் டிக் செய்யுங்கள். உங்கள் மெஷினும் எமுலேட்டரும் ஒன்றாகிவிடும்.

மூடியைத் திறந்து பாருங்கள். 40 கால் உள்ள இரண்டு பெரிய ஐசிக்கள், யுஏ 6527பி, யுஏ 6538 என்று எழுதியிருந்தால் மெஷினைப் பத்திரமாக வையுங்கள். கறுப்புத் தார்ப்பொட்டு மாதிரி ஒரே ஒரு சொட்டு மட்டும் இருந்தால் எல்லாமே ஒரே சில்லுக்குள் அடங்கியது. ஒலியில் அது ஒரு படி கீழே, பழுது பார்க்கவும் வழியில்லை.

ஈயப்பற்று:

சத்தம் வராத கேசட்: ஃபேமிகாமில் மெஷினின் ஒலி நேரே வெளியே போவதில்லை. 45ஆம் பின் வழியாகக் கேசட்டுக்குள் போய், 46ஆம் பின் வழியாகத் திரும்பி வருகிறது. கேசட்டுக்குள் கூடுதல் ஒலிச் சில்லு இருந்தால் அதன் ஒலியும் வழியில் கலந்துகொள்ளட்டும் என்று செய்த ஏற்பாடு. சாதாரணக் கேசட்டில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். இந்த இரண்டில் ஒன்று அழுக்கானாலும் விளையாட்டு முழுசாக ஓடும், படம் வரும், சத்தம் மட்டும் செத்துப்போகும். உங்களுக்கு நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும்.

31 முதல் 60 வரை உள்ள வரிசையின் நட்டநடு இரண்டு தான் 45, 46. எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம், இரண்டு பக்கத்திலும் நடு இரண்டைப் பாருங்கள்; ஒன்றில் அவை செம்புக் கோட்டால் சேர்ந்திருக்கும். மல்டிமீட்டரை பீப்பில் போட்டுத் தொடுங்கள். பீப் வந்தால் கேசட் நலம், கோளாறு தொடர்பில். வராவிட்டால் விரிசல், அல்லது உள்ளே ஒலிச் சில்லு உள்ள கேசட்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்). மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். இயர்பட்ஸை நனைத்து நீளவாக்கில் தேயுங்கள், பட்ஸ் வெள்ளையாகவே திரும்பும்வரை. பச்சை ஏறியிருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாக நாலு இழுப்பு, பிறகு மறுபடி ஐபிஏ. உப்புத்தாள் கூடவே கூடாது, மெல்லிய தங்கப் பூச்சு ஒரே தேய்ப்பில் போய்விடும். ஸ்லாட்டுக்கு, கெட்டி அட்டையில் பனியன் துணி சுற்றி ஐபிஏ தொட்டுப் பத்துமுறை செருகி எடுங்கள். ஐந்து நிமிடம் காயவிட்ட பிறகே கரன்ட். வாயால் ஊதும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஊதியதும் வேலை செய்தது கேசட்டைக் கழற்றி மாட்டியதால்தான்; எச்சில் ஈரம் தொடர்புகளை அரித்துக்கொண்டே இருக்கும்.

உறுமல்: இது இரண்டு வியாதி. எப்போதும் ஒரே மாதிரி வரும் ‘ஊம்’ 100 ஹெர்ட்ஸ், மின்சாரத்தை வடிகட்டும் கண்டன்சர் காய்ந்ததன் அடையாளம். திரையோடு மாறும் ‘ர்ர்ர்’ படச் சிக்னல் ஒலிக்குள் கசிவது.

சால்டரிங் அயர்னைத் தொடுமுன் ஒரு சோதனை. ஆறு பென்டார்ச் செல்லைத் தொடராக ஒரு ஹோல்டரில் போட்டால் 9 வோல்ட். அதில் மெஷினை ஓட்டுங்கள். ‘ஊம்’ மறைந்தால் குற்றம் அடாப்டர் வழியில். முனையின் பிளஸ்-மைனஸை மட்டும் முதலில் பழைய அடாப்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், நகலுக்கு நகல் அது மாறும். அமெரிக்க என்இஎஸ் அடாப்டர் தரும் 9 வோல்ட் ஏசி, அதை இதில் சொருகவே கூடாது. கூடவே, உங்கள் அடாப்டர் கரன்ட் இழுக்காமல் சும்மா இருக்கும்போது எத்தனை வோல்ட் என்று அளந்து எழுதுங்கள்.

கேசட்_பெட்டி:

நடு இரண்டும் பீப் அடித்தன. ஐபிஏ போட்டுத் தேய்த்ததும் கேசட் பாடிவிட்டது, மிக்க நன்றி அண்ணா. உள்ளே 6527பி, 6538 இரண்டும் இருக்கின்றன. செல்லில் ஓட்டினால் ‘ஊம்’ போகிறது, ‘ர்ர்ர்’ பாதியாகிறது. அடாப்டர் சும்மா இருக்கும்போது 13.1 வோல்ட் காட்டுகிறது. மெஷினில் இருப்பது 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கண்டன்சர்.

ஈயப்பற்று:

13.1 என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர், பாரம் ஏறினால் 9, 10க்கு இறங்கும். கெட்டுப்போகவில்லை. ஆனால் 16 வோல்ட் கண்டன்சரை ஓரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி ரகம் வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் எந்த உதிரிபாகக் கடையிலும் உண்டு. உயரம் கூடுதலாக இருக்கும், மூடி தட்டுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பக்கத்தில் கோடு உள்ள கால் மைனஸ், மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

5 வோல்ட்டை நிலையாகத் தரும் ஐசியான 7805ஐ, எழுத்து உங்களைப் பார்க்கப் பிடித்தால் இடது கால் உள்வரவு, நடு கிரவுண்ட், வலது 5 வோல்ட். இடது-நடு, நடு-வலது இரண்டிலும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒவ்வொன்றை, கால்களைக் குட்டையாக வெட்டி, ஐசியை ஒட்டியே பற்றுங்கள். வெளிவருவது 4.8க்கும் 5.2க்கும் நடுவில் இருக்க வேண்டும். 12 வோல்ட் அடாப்டர் போடலாமா என்று பலர் கேட்பார்கள். 0.4 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்தால் 9 வோல்ட்டில் 7805 எரிப்பது 1.6 வாட், 12இல் 2.8 வாட். சின்னத் தகட்டு ஹீட்சிங்க் தாங்காது.

மிச்சமுள்ள ‘ர்ர்ர்’ருக்கு, போர்டிலிருந்து ஏவி சாக்கெட்டுக்குப் போகும் வயர்களைப் பாருங்கள். படமும் ஒலியும் ஒன்றாக முறுக்கி ஓடும். ஒலி வயரை எடுத்துவிட்டு ஷீல்டு வயர் போட்டு, வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் பற்றுங்கள். வெள்ளைத் திரையிலும் கிட்டத்தட்ட அமைதியாகிவிடும். முழு அமைதி இந்த நகல் போர்டுகளில் கிடைக்காது.

செவிக்_கணக்கு:

காது பற்றி. நீங்கள் சொல்வது வயதோடு வரும் செவித்திறன் குறைவின் பாடப்புத்தக வர்ணனை. மேல் அதிர்வெண்கள்தான் முதலில் போகும். அந்த ‘ச்ச்’ வருவது இரைச்சலை உண்டாக்கும் நாய்ஸ் சேனலிலிருந்து, அதன் உயிர் மேல்தட்டில். பழைய பெட்டி டிவியின் ‘ஈ’ என்ற கீச்சொலி 15,625 ஹெர்ட்ஸ். வீட்டுச் சிறுவர்களுக்குக் கேட்டு உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் வியப்பில்லை.

மெல்லிய ஒலி கேட்காது, கொஞ்சம் கூட்டினால் உடனே கூசும். இதற்கு ரெக்ரூட்மென்ட் என்று பெயர். உள்காதின் மயிர்ச்செல்கள் குறைந்ததால் கேட்கத் தொடங்கும் அளவுக்கும் கூசும் அளவுக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஆகவே வால்யூம் பதில் அல்ல. ஆம்ப்ளிஃபயருக்கு முன் ஓர் ஈக்வலைசர் வைத்து 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 4 முதல் 6 டெசிபல் ஏற்றுங்கள், 2-3 கிலோஹெர்ட்ஸில் 2 அல்லது 3 இறக்குங்கள். சதுர அலையின் குத்தல் காதுக்கு மிக உறைக்கும் இடம் அது. ட்வீட்டர் (மேல்தட்டு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்தில், ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். அலமாரி உச்சியில் வைத்த ஸ்பீக்கரின் மேல்தட்டு உங்களுக்கு வந்து சேராது.

உலக சுகாதார அமைப்பின் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 ஆனால் 4 மணி நேரம்தான். இயர்ஃபோனுக்கும் இதே கணக்கு.

ஈக்வலைசரோடு நிறுத்தாமல் ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை) ஒன்று எடுத்துவிடுங்கள், 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சோதிப்பார்கள். காதுக்கருவி பரிந்துரைத்தால் இசைக்கென்று தனி அமைப்பு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பேச்சுக்கான அமைப்பு நீண்ட ஸ்வரத்தை ஊளை என்று நினைத்து அமுக்கிவிடும். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அது வேறு விஷயம், அன்றைக்கே ஈஎன்டி மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது.

முக்கோண_அலை:

காதில் மங்கிப்போன மேல்தட்டு ஒலியைப் பற்றியே பேசுகிறோம். இந்த மெஷினில் பலர் இதுவரை கேட்டிராதது கீழ்த்தட்டில் இருக்கிறது.

பேஸ் வாசிப்பது பெரும்பாலும் முக்கோண அலைச் சேனல். பல்ஸுக்குக் கொடுக்கும் அதே எண்ணைக் கொடுத்தாலும் அது ஓர் ஆக்டேவ் கீழே ஒலிக்கும், அதற்கு வால்யூம் கட்டுப்பாடு கிடையாது; ஒன்று முழுசாக ஒலிக்கும், இல்லை நிற்கும். பெட்டி டிவியின் மூன்றங்குல ஸ்பீக்கரில் அதன் அடிப்பகுதி வந்ததே இல்லை. அந்தக் கீழ்த்தட்டை வயது அவ்வளவாகத் தொடுவதும் இல்லை. அலுப்புக்கு நான் சொல்லும் மருந்து இதுதான். எமுலேட்டரில் இரண்டு பல்ஸையும் நாய்ஸையும் அணைத்துவிட்டு முக்கோணத்தை மட்டும் ஒரு சுற்று கேளுங்கள். அடுத்த சுற்றில் இரண்டாம் பல்ஸை மட்டும் சேருங்கள். இசையமைப்பாளர் கோஜி கொண்டோ 1985இல் மரியோவுக்கு எழுதிய முதல் கட்டப் பாட்டை இப்படிக் கேட்டால் பேஸ் தனியே நடந்துபோவது விளங்கும். விளையாட்டு நிறுவனமான சன்சாஃப்ட் இன்னொரு வழி பிடித்தது, பேஸ் கிட்டாரின் ஒலித்துண்டுகளையே, பதிவொலி வாசிக்கும் டிபிசிஎம் சேனலில் ஓட்டியது.

மெஷினிலேயே பிரிக்கலாம். ஒலி தரும் சில்லான 6527பியின் 1ஆம் காலில் பல்ஸ் இரண்டும், 2ஆம் காலில் முக்கோணம், நாய்ஸ், டிபிசிஎம் மூன்றும் வருகின்றன. ஒவ்வொரு காலிலிருந்தும் 10 மைக்ரோஃபாரட் (பிளஸ் சில்லுப் பக்கம்), பிறகு 1 கிலோ ஓம், பிறகு இடது-வலது ஆர்சிஏ. சிக்னல் பலவீனமாக இருக்கும், ஆம்ப்ளிஃபயரைக் கூட்ட வேண்டும். முழுசாகப் பிரித்து இயர்ஃபோனில் கேட்டால் மெலடி ஒரு காதிலும் பேஸ் மறு காதிலும் நின்று தலையை வலிக்கும். இரண்டு வெளிவரவுக்கும் நடுவே 10 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் மின்தடை) ஒன்றைப் போட்டு, வேண்டிய அளவு கலந்துகொள்ளுங்கள். ஒன்று கவனம்: இந்த வழி 45-46 சுற்றைத் தாண்டிவிடுகிறது, கேசட்டுக்குள் இருக்கும் ஒலிச் சில்லு இதில் வராது. ஆகவே பழைய மோனோ வெளிவரவை வெட்டாமல் விட்டுவையுங்கள். கொனாமி 1989இல் வெளியிட்ட ‘அகுமாஜோ டென்செட்சு’ போன்ற, விஆர்சி6 சில்லு உள்ள கேசட் கைக்கு வந்தால், அதன் இரண்டு கூடுதல் பல்ஸும் ரம்பப்பல் அலையும் அந்த மோனோ வழியில்தான் கேட்கும்.