சோஷியல் மீடியாவில் நடந்து, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிற ஒன்று: உங்களுடையதைச் சொல்லுங்கள்

பழையரேடியோ

நானே ஆரம்பிக்கிறேன். பெரியப்பா போய்விட்டார் என்பது எனக்கு ஸ்டேட்டஸில்தான் தெரிந்தது. வேலைக்கு நடுவில் சும்மா தள்ளிக்கொண்டிருந்தேன். யாரோ மலையேறிய வீடியோ, அதற்கடுத்து அண்ணன் போட்டிருந்த பெரியப்பாவின் படம், கீழே பிறந்த தேதியும் இன்றைய தேதியும். அது என்னவென்று மண்டையில் ஏறுவதற்குள் படம் தானாக நகர்ந்து ஏதோ ஒரு ஜோக் வந்துவிட்டது. பின்னால் போய், இந்தத் தடவை நகராமலிருக்க விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரலை எடுத்தால் அடுத்ததற்குப் போய்விடும், அதனால் எடுக்கவில்லை.

அப்புறம் அண்ணனைக் கூப்பிட்டு, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நீதான் பார்த்துட்டியே, லிஸ்ட்ல உன் பேர் வந்துச்சே" என்றார். யார் யார் பார்த்தார்கள் என்று காட்டுகிற பட்டியலை வைத்து, தகவல் போனவர்களைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார். பார்க்காதவர்களுக்கு மட்டும் போன். சீக்கிரமே பார்த்துவிட்டதால் எனக்கு அழைப்பு இல்லை. அவரைக் குறை சொல்ல முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றாம்மாடி

குறை சொல்ல முடியாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதோடு விட்டிருக்கலாம். துக்க வீட்டில் இருப்பவர் எத்தனை பேருக்குத்தான் போன் பண்ணுவார்? அம்மா தவறியபோது முதலில் நானும் ஒவ்வொருவராகத்தான் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் எப்போ, எப்படி, போன வாரம்கூட நல்லா பேசினாங்களே என்று கேட்க, ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் குரல் வரவில்லை, ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

எனக்கு உறுத்துவது வேறு. அதற்கு வந்த பதில்களில் ஒன்று வெறும் கட்டைவிரல். "பார்த்துவிட்டேன், வருகிறேன்" என்ற அர்த்தத்தில்தான் அந்தப் பெரியவர் போட்டிருப்பார், சொன்னபடி வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் இன்றைக்கும் அவரைப் பார்த்தால் முதலில் அந்த மஞ்சள் கட்டைவிரல்தான் கண்ணில் வருகிறது.

நடுவரிசை

என் நண்பன் இறந்து சில வருடம் ஆகிறது, அவனுடைய ஃபேஸ்புக் கணக்கு அப்படியே இருக்கிறது. பிறந்தநாள் அன்று எல்லோருக்கும் நினைவூட்டல் போகும். விஷயம் தெரியாதவர்கள் வந்து நீடூழி வாழ்க என்று எழுதிவிட்டுப் போவார்கள். இதுகூடப் பழகிவிட்டது. போன பிறந்தநாளுக்கு ஒருத்தர், "எங்கடா போயிட்ட, ஒரு போன்கூட இல்ல" என்று எழுதியிருந்தார். அதற்கு ஒரே ஒரு லைக். அவனுடைய அக்கா போட்டது.

ஏன் போட்டார்? கை தவறியா, அந்த ஆளுக்கு உண்மையைச் சொல்ல மனசு வராமலா, இல்லை அந்தக் கேள்வி அவருக்கும் இருந்ததாலா? கேட்கவும் முடியாது. ஃபேஸ்புக்கில் நினைவுக் கணக்காக மாற்றுகிற வசதி இருக்கிறது, வீட்டார் விண்ணப்பித்து மாற்றிவிட்டால் பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும். அக்காவிடம் இதைச் சொல்லலாம் என்று நினைத்தபோதுதான் அந்த லைக்கைப் பார்த்தேன். அதனால் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை

சொந்த அனுபவம் இல்லை, ஆனால் இதைப் படித்ததும் எரிக் மேயர் ஞாபகம் வந்தார். வெப் டிசைன் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். 2014ல் அவருடைய ஆறு வயது மகள் இறந்துபோனாள். அந்த வருடக் கடைசியில் ஃபேஸ்புக், உங்கள் வருடம் இப்படி இருந்தது என்று ஒரு தொகுப்பைத் தயாரித்து எல்லோருக்கும் நீட்டியது. அவருக்கு வந்ததில் மகளின் முகம், சுற்றிலும் பலூன்களும் ஆடுகிற பொம்மைகளும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, நல்ல வருடம் அமைந்தவர்களை மட்டும் மனதில் வைத்து நிரல் எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று அவரே எழுதினார். அதைத் தயாரித்த குழுவின் பொறுப்பாளர் அவரிடம் வருத்தம் தெரிவித்தார்.

நினைவூட்டல், பழைய நினைவுகள் எல்லாவற்றையும் நான் அணைத்து வைத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

வாசல்படி

எங்கள் வீட்டில் அப்பாதான் ஃபார்வர்டு மன்னர். காலை வணக்கத்தில் ஆரம்பித்து, எந்த மாத்திரையை யார் தடை செய்தார்கள், எந்த அணை உடையப்போகிறது என்று நாள் முழுக்க வரும். ஒருநாள் வெள்ளத்தில் கார்கள் அடித்துக்கொண்டு போகிற வீடியோவை "இன்று காலை" என்று போட்டார். நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு காட்சியைப் படமாக எடுத்துத் தேடிக் காட்டினேன். வேறு நாடு, பல வருடம் பழசு. நான் சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னேன். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, "சரிம்மா" என்றார்.

அதற்கப்புறம் எங்கள் ஃபேமிலி குரூப்பில் அப்பாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. திருந்திவிட்டார் என்று நானும் சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நாள் கழித்து சித்தியின் போனில் ஏதோ செட்டிங் மாற்றிக்கொடுக்கும்போது பார்க்கிறேன், இன்னொரு குரூப். அதே பெயர், அதே படம், சித்தப்பா, அத்தை, தம்பி எல்லோரும் இருக்கிறார்கள், நான் மட்டும் இல்லை. அட்மின் அப்பா. அன்று காலையிலிருந்து அவர் போட்டவை வரிசையாக இருந்தன, அத்தனைக்கும் கீழே எல்லோரும் கை கூப்பியிருந்தார்கள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இப்போதும் தினமும் அவரோடு பேசுகிறேன், அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

சரிபார்ப்பு

சகோதரி, உங்கள் அப்பா மாதிரிதான் என் மாமாவும், அதனால் சொல்கிறேன். தவறு என்று காட்டினால் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள், கருவியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில், வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆகி வந்த செய்தியின் மேலே தெரிகிற அந்த அம்புக்குறி. ஒரு அம்பு இருந்தால் சாதாரண ஃபார்வர்டு. இரட்டை அம்பு இருந்தால் அந்தச் செய்தி ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். இது ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. வாட்ஸ்அப் 2018ல் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது, 2019 ஜனவரியில் அதை உலகம் முழுக்கக் கொண்டுவந்தது, 2020 ஏப்ரலில் இரட்டை அம்பு வந்தவற்றை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கு மட்டும் என்று ஆக்கியது. ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் 2018ல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். 1,500 பேரைப் போய்ச் சேர, பொய்க்கு ஆன நேரத்தைப்போல் உண்மைக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு ஆனது. அதுவும் தானியங்கிக் கணக்குகளால் அல்ல, மனிதர்களால். பொய் புதுசாக, ஆச்சரியமாக இருக்கிறது, அதனால் அனுப்புகிறோம்.

ஆகவே அப்பாவிடம், யார் முதலில் சொன்னது, எப்போது எடுத்தது, வேறு எங்காவது வந்திருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். படத்தை அழுத்திப் பிடித்துத் தேடுவதை அவர் கையாலேயே செய்ய வையுங்கள். மாமாவுக்கு நான் இப்படித்தான் பழக்கினேன். இப்போது அவர் எனக்கு வருகிற ஃபார்வர்டுகளைச் சரிபார்த்துச் சொல்கிறார். நீங்கள் அந்த இரண்டாவது குரூப்பில் உங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதே நல்லது, உள்ளே இருந்தால்தான் திருத்த முடியும்.

வாசல்படி

தேடுவது எப்படி என்று எனக்குத் தெரியும், மேலே எழுதியிருக்கிறேனே. அவரைத் திருத்த வேண்டும் என்று நான் கேட்கவேயில்லை.

அணைத்துவைத்தவன்

இவ்வளவுக்கும் ஒரே வழி, எல்லாவற்றையும் அழித்துவிடுவது. நான் அழித்து ரொம்ப நாளாகிறது. முதல் சில வாரம் போனைத் திறந்தால் கட்டைவிரல் தானாக அந்த ஆப் இருந்த மூலைக்குப் போகும், அங்கே இப்போது கால்குலேட்டர் இருக்கிறது, அது திறந்துகொள்ளும். லிஃப்டில், சிக்னலில், தூங்குவதற்கு முன்னால் என்று கால்குலேட்டரைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கேட்டாள், அப்படி என்ன கணக்குப் போடுகிறீர்கள் என்று. அப்போதுதான் இது எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்று புரிந்தது. இப்போது நிம்மதி.

சும்மா சொல்லவில்லை. 2018ல் அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல் சமயத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் பணம் கொடுத்து ஆட்களை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியவர்களுக்கு நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது, மனநிலையும் கொஞ்சம் நன்றாக இருந்தது. ஆய்வே இருக்கிறது, அப்புறம் எதற்குப் புலம்பல்?

பள்ளிவாசகி

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள். நிறுத்தியவர்களுக்கு நாட்டு நடப்பு பற்றித் தெரிந்தது குறைந்துபோனது. அரசியல் கருத்துகளில் எதிரும் புதிருமாக நிற்பதும் குறைந்தது, அது நல்லதுதான், ஆனால் செய்தியும் சேர்ந்து குறைந்தது.

நானும் உங்களைப்போல எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் இருந்தேன். ஒரு காலை பையனைக் கூட்டிக்கொண்டு போனால் பள்ளிக்கூட கேட் பூட்டியிருக்கிறது. செக்யூரிட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குரூப்ல போட்டாங்களேம்மா" என்றார். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு அதெல்லாம் கிடையாது" என்று எனக்காக அவரிடம் விளக்கம் சொல்கிறான், ஏதோ எனக்கு உடம்பு சரியில்லாத மாதிரி! அந்தக் குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது. மேலே பழையரேடியோவின் அண்ணன் சொன்னதும் இதே தொனி. போட்டுவிட்டால் சொல்லியாகிவிட்டது, பார்க்காதது உன் பாடு.

எங்கெங்கோ இருந்த அறிவிப்புப் பலகையையெல்லாம் எடுத்து இந்த ஆப்களுக்குள் மாட்டிவிட்டு, வேண்டாம் என்றால் வெளியேறு என்பது என்ன நியாயம்? கனடாவில் 2023 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டத்தை எதிர்த்து மெட்டா, தன்னுடைய ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளையே தடுத்துவிட்டது. அதே மாதம் காட்டுத்தீயால் யெல்லோநைஃப் நகரத்தையே காலி செய்யச் சொன்னார்கள். லிங்க் போட முடியாததால் மக்கள் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் வெளியேறினாலும் சரி, அவர்கள் செய்தியை வெளியேற்றினாலும் சரி, இருட்டில் நிற்பது நாம்தான்.

அணைத்துவைத்தவன்

பள்ளி மெசேஜ் வேறு, ரீல்ஸ் வேறு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். பள்ளி குரூப்பை மனைவி பார்த்துக்கொள்கிறாள்.

பள்ளிவாசகி

அதைத்தான் நினைத்தேன்.

இரவுப்பணி

சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மகளுக்கு ஒரு சின்ன ஆபரேஷன். உள்ளே கூட்டிக்கொண்டு போவதற்கு முன் போனை என் கையில் கொடுத்து, கடவுச்சொல்லைச் சொல்லி, "அம்மா, ராத்திரிக்குள்ள இந்த 11 பேருக்கு ஏதாவது ஒரு படம் அனுப்பிடு, இல்லன்னா ஸ்ட்ரீக் போயிடும்" என்றாள். தினமும் இரண்டு பக்கமும் அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒரு எண் ஏறுமே, அது. பயமாக இருக்கா என்று நான் கேட்க நினைத்திருந்தேன், அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எதைப் படமெடுப்பது என்று தெரியாமல் மேலே தெரிந்த ட்யூப்லைட்டை எடுத்து 11 பேருக்கும் அனுப்பினேன். முகம் தெரியாத பிள்ளைகள். தரை, சுவர், கால் விரல் என்று ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு பிள்ளை மட்டும் தன் அறையின் ட்யூப்லைட்டை எடுத்து அனுப்பியிருந்தது. நான் திரும்பவும் ஒன்று அனுப்பினேன், ஆஸ்பத்திரி ஃபேன். அங்கிருந்தும் ஃபேன் வந்தது. டாக்டர் வெளியே வரும்வரை அப்படியே போயிற்று. அந்தப் பிள்ளைக்கு எதிரில் இருப்பது நான் என்று தெரியாது.

மூன்றாம்மாடி

மகள் நலம்தானே? ஸ்ட்ரீக் என்ன ஆயிற்று?

இரவுப்பணி

நலம், நன்றி. வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் அவளே மறந்து தூங்கிவிட்டாள், பாதிப் பேருடையது போய்விட்டது. "விடும்மா, போர் அடிச்சுது" என்கிறாள். எனக்குத்தான் அன்று முழுக்கக் கோபம்.