புதுப்பிப்பு: விடுமுறை வாசிப்பும் வானொலி இரைச்சலும்

விடுமுறை இரவுகளில் புத்தகத்தோடு வானொலியையும் வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய இழையில் எழுதியதில் ஒரு திருத்தம். இழுப்பு ஆன்டெனாவை நீட்டச் சொன்னது பண்பலைக்கு மட்டுமே பொருந்தும். கொடைக்கானல் 100.5 கேட்க அது உதவும். சென்னை 720, திருச்சி 936 போன்ற மத்திய அலை (மீடியம் வேவ்) நிலையங்களுக்குப் பயனில்லை. அவற்றின் அலைகளை ஈர்ப்பது பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் தண்டு, அதாவது கம்பி சுற்றிய உள் ஆன்டெனா. தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி மங்கும், பக்கவாட்டு நோக்கினால் தெளியும். பெட்டியை மெல்லக் கால் வட்டம் திருப்பிப் பாருங்கள்.

பலர் கேட்ட "ங்ங்" இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வாசிப்பு விளக்குதான். மலிவான எல்இடி பல்பின் மின்சுற்றும் கைபேசி சார்ஜரும் மத்திய அலையில் சத்தம் கிளப்பும். சார்ஜரைப் பிடுங்குங்கள், வானொலியை விளக்கிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி ஜன்னலோரம் வையுங்கள், பேட்டரியில் ஓட்டுங்கள். தகரக் கூரை அறை என்றால் திண்ணைக்குப் போவதே வழி.

வெளிநாட்டிலிருந்து வந்த டிஜிட்டல் பெட்டியில் 936 சரியாக அமராவிட்டால், அலைவரிசை இடைவெளி (ஒவ்வொரு முறை மாற்றும்போதும் எண் தாவும் அளவு) 10 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். நம் ஊருக்கு 9. (720 இரண்டிலும் வகுபடும், அதனால் சென்னை மட்டும் ஏமாற்றிவிட்டு நன்றாகக் கேட்கும்!)

நாவலோடு உரைச்சித்திரம் (பேச்சால் ஆன வானொலி நிகழ்ச்சி) ஒத்துவராது, இரண்டும் சொல். வீணைக் கச்சேரி என்றால் சரி. ஊர் திரும்பியதும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் ஸ்பிரிங் அரித்துவிடும்.